'இல்லை' என்று சொல்ல ஓர் ஆள்

கொஞ்ச நாளாக ராத்திரியில் உட்கார்ந்து வட கொரிய சினிமா பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிம் ஜோங் இல் 1973-இல் சினிமாக் கலை பற்றி ஒரு புத்தகமே எழுதியவர். 1978-இல் தென் கொரிய நடிகை சோய் உன் ஹீயையும், அவருடைய முன்னாள் கணவரான இயக்குநர் ஷின் சாங் ஓக்கையும் ஹாங்காங்கிலிருந்து கடத்திக்கொண்டு போனார்கள். நல்ல படம் எடுக்க ஆள் வேண்டுமாம்! 'புல்கசாரி' (1985) அப்படி எடுத்ததுதான். 1986-இல் வியன்னாவில் இருவரும் தப்பினார்கள்.

இதில் எனக்குத் தூக்கம் கெட்டது வேறொரு இடத்தில். கிம் பேசியதை சோய் ரகசியமாகக் கேசட்டில் பதிவு செய்திருந்தார். நம் படங்களில் ஏன் எப்போதும் ஒரே கதை, ஏன் இத்தனை அழுகை என்று அதில் கிம் புலம்புகிறார். யோசித்துப் பாருங்கள். பணம், ஸ்டுடியோ, அதிகாரம் எல்லாம் அவரிடம்தான் இருந்தது. அவருக்கே ஒரு நல்ல படம் கிடைக்கவில்லை.

ஏன்? பதிலைத் தேடினால் நம்ம ஊர் பக்கத்திலேயே கிடைக்கிறது.

சின்ன வயதில் கோட்டைப்பட்டினத்திலிருந்து அறந்தாங்கிக்குப் படம் பார்க்கப் போவோம். மெயின் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் ஓடும். அணை, வெள்ள நிவாரணம், ரிப்பன் வெட்டும் மந்திரி. அத்தா உள்ளேயே வரமாட்டார். வெளியே டீ குடித்துவிட்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டுக்கொண்டுதான் வருவார். 1948-இல் தொடங்கிய பிலிம்ஸ் டிவிஷன் தயாரிப்பு அது. தியேட்டர் லைசென்ஸ் நிபந்தனையிலேயே அதைப் போட்டாக வேண்டும் என்று இருந்தது. வாடகையும் தியேட்டர்காரரே கட்ட வேண்டும்.

அரசாங்கப் படம் என்றாலே இப்படித்தான் என்று நானும் நினைத்திருந்தேன், எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் 20' பார்க்கும் வரை. 1967-இல் அதே பிலிம்ஸ் டிவிஷன் எடுத்த, சுமார் 20 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். சுதந்திரம் கிடைத்தபோது பிறந்தவர்களுக்கு இருபது வயது. அவர்களைத் தேடிப் போய், நாட்டைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். ஒருவர் கனவோடு பேசுகிறார், இன்னொருவர் சலித்துக்கொள்கிறார். நாட்டின் மேல் பற்றெல்லாம் இல்லை என்று சொல்கிறவரும் இருக்கிறார். அதை வெட்டவில்லை. அரசாங்கம் காசு கொடுத்து, தனக்குப் பிடிக்காத பதிலையும் சேர்த்து வைத்திருக்கிறது. நம்பிக்கையோடு பேசுகிறவரை நாம் நம்புவதற்குக் காரணமே பக்கத்தில் நம்பாதவர் இருப்பதுதான்.

எட்டு வருஷம் கழித்து, 1975-இல், அதே சாஸ்திரி 'வி ஹேவ் பிராமிசஸ் டு கீப்' எடுத்தார். அவசரநிலைக்கு நியாயம் சொல்கிற படம். அதே ஆள், அதே நிறுவனம். திறமை எங்கேயும் போய்விடவில்லை. 'இந்தியா 67' எடுத்த சுக்தேவும் அந்தக் காலத்தில் அரசுக்குச் சாதகமான படங்கள்தான் எடுத்தார். இன்னொரு பக்கம் அம்ரித் நஹாதாவின் 'கிஸ்ஸா குர்சி கா' நெகட்டிவோடு அழிக்கப்பட்டது. கேமரா அதேதான். கேட்கிற கேள்விக்கு 'இல்லை' என்றும் பதில் வரலாம் என்ற இடம்தான் காணாமல் போனது.

என் தொழிலிலிருந்து சொன்னால் சுலபமாகப் புரியும். நாங்கள் புரோகிராமுக்கு டெஸ்ட் எழுதுவோம். என்ன மாற்றினாலும் பாஸ் ஆகிற டெஸ்ட் ஒன்று இருந்தால் சந்தோஷப்படக் கூடாது, அது எதையும் சோதிக்கவில்லை என்று அர்த்தம். கிம் கட்டியது அப்படிப்பட்ட ஒரு டெஸ்ட். கடைசியில் அவருக்கே அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

இந்தியாவும் வட கொரியாவும் ஒன்றா என்று சண்டைக்கு வராதீர்கள். ஒன்றல்ல. இங்கே 21 மாதம், அப்புறம் ஜனங்கள் ஓட்டுப் போட்டு முடித்துவைத்தார்கள். 'கிஸ்ஸா குர்சி கா'வைக்கூட மறுபடி எடுத்து 1978-இல் வெளியிட முடிந்தது. ஆனால் படம் எப்படிச் சாகிறது என்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இல்லை. அரசாங்கக் காசு அதைக் கொல்வதில்லை. 1967-லும் அது அரசாங்கக் காசுதான். எல்லாரும் 'ஆமாம்' என்று மட்டுமே சொல்லும்போது சாகிறது. இது தனியார் எடுக்கிற விளம்பரப் படத்துக்கும் பொருந்தும்.

போன மாதம் ஊருக்குப் போனபோது 'ஐ ஆம் 20'ஐ அத்தாவுக்குப் போனில் போட்டுக் காட்டினேன். இங்கிலீஷ் படம், நான் நிறுத்தி நிறுத்தித் தமிழில் சொன்னேன். பற்று இல்லை என்று சொன்ன பையன் வந்ததும், "இவனை ஒண்ணும் பண்ணலையா?" என்று கேட்டார்.

கடைசி வரை எழுந்து போகவில்லை.