நிதானமாகச் சுற்றும் இரும்பு

ஒரகடத்தில் டைம்லர் ஆலையை விட்டு வெளியே வரும் ஒவ்வொரு பாரத்பென்ஸ் லாரியும் ஒரு கம்ப்ரசரைச் சுமந்துகொண்டுதான் சாலையில் ஏறுகிறது. எஞ்சினோடு ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன இரும்புக் கட்டி அடைக்கிற காற்று, சேசிஸில் தொங்கும் டேங்குகளில் சேர்ந்து, டிரைவர் கால் வைத்ததும் பிரேக்கைப் பிடிக்கிறது. அந்த ஆலை திறந்தது 2012இல். அதே ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது 2010இல். சற்று வடக்கே இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய். இந்த ஆலைகளில் எல்லாம் மின்சாரம், தண்ணீர் வரிசையில் காற்றும் குழாய் வழியே ஓடுகிறது. நட்டு முடுக்குவது காற்று. பாகத்தைக் கவ்வித் தூக்குவது காற்று. பெயின்ட் ரோபோவின் நுனியிலுள்ள கிண்ணத்தை நிமிடத்துக்குப் பல பத்தாயிரம் சுற்று சுழற்றிப் பெயின்டைப் பனியாக்குவதும் காற்றுதான்.

ஷிப்ட் முடிந்து படப்பைக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் திரும்புகிறவர்களில் சிலர் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுப் பட்டறை வைத்துக்கொள்கிறார்கள். முதலில் டிரில்லிங் மிஷின் வரும், பிறகு கிரைண்டர், பிறகு வெல்டிங் செட். கம்ப்ரசர் கடைசியாக வரும். வரும்போது வாங்குகிறவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கும்: நாள் முழுக்க பிரஷர் கேஜின் முள் அசையாத ஆலைக் காற்றில் வேலை செய்து பழகிய கை, அரைகுறைக் காற்றை ஒப்புக்கொள்ளாது.

கடையில் முதலில் காதில் விழுவது எச்.பி. கணக்கு. "ரெண்டு எச்.பி. சார், சூப்பரா ஓடும்." எச்.பி. என்பது மோட்டார் தின்னும் தீனி. அது எவ்வளவு காற்றைத் தருகிறது என்பது வேறு கணக்கு. அதிலும் இரண்டு எண்கள் உண்டு. பிஸ்டனின் பரப்பு, அதன் ஓட்டம், நிமிடச் சுற்று மூன்றையும் பெருக்கினால் வருவது இடப்பெயர்ச்சி. காகிதத்தில் பெரிதாகத் தெரியும். வால்விலும் ரிங்கிலும் கசிந்தது போக, ஹெட்டின் இடுக்கில் தங்கியது போக, குழாய் முனையில் உண்மையாக வந்து சேர்வது எஃப்.ஏ.டி. (ஃப்ரீ ஏர் டெலிவரி). சின்ன பிஸ்டன் இயந்திரங்களில் இரண்டாவது எண் முதலாவதில் முக்கால் பங்கு தேறினாலே நல்ல வார்ப்பு. 7 பார் அழுத்தத்தில் ஒரு எச்.பி.க்கு நிமிடத்துக்கு 4 கன அடி என்பது பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் தோராயம். சின்ன இயந்திரங்கள் அதற்கும் கீழேதான் நிற்கும்.

காற்றை எதற்குச் செலவிடப் போகிறோம் என்பதை வைத்துத்தான் இந்த எண் பெரியதா சிறியதா என்று சொல்ல முடியும். பைக் டயருக்கு முப்பது பவுண்டு அடிக்க எந்தப் பொம்மையும் போதும். ஏர் பிரஷ்ஷுக்கு ஒரு கன அடி தாராளம். அரை அங்குல இம்பாக்ட் ரெஞ்சுக்கு நாலைந்து வேண்டும். கார் கதவுக்குப் பெயின்ட் அடிக்கும் ஸ்பிரே கன் பத்துக்கு மேலும் கேட்கும். ஏர் சாண்டரும் அப்படித்தான். "பெரிய டேங்காப் போட்டுக்கலாம்" என்று சமாதானம் சொல்வார்கள். டேங்க் காற்றைத் தயாரிப்பதில்லை. போர்வெல்லில் ஊறாத தண்ணீரை மேல்நிலைத் தொட்டி தந்துவிடாது. 200 லிட்டர் டேங்க் 8 பாரிலிருந்து 6 பாருக்கு இறங்கினால் கிடைப்பது 400 லிட்டர் காற்று, அதாவது 14 கன அடி. ஸ்பிரே கன்னுக்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை.

ரசனை தொடங்குகிற இடம் பம்பு. விலை குறைந்த இயந்திரங்களில் பம்பு மோட்டார் தண்டிலேயே நேராக உட்கார்ந்திருக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,800 சுற்று. பக்கத்து வீட்டுக் குழந்தை அழத் தொடங்கிவிடும். பெல்ட் போட்ட வார்ப்பிரும்புப் பம்போ எழுநூறிலிருந்து ஆயிரம் சுற்றுக்குள் நடந்துகொண்டிருக்கும். அதன் ஃப்ளைவீலைக் கூர்ந்து பார்த்தால் ஆரங்கள் விசிறி இறக்கைபோல் சாய்ந்திருப்பது தெரியும். சுற்றுகிற சக்கரமே சிலிண்டர் செதில்கள்மீது காற்றை வீசிச் சூட்டை இறக்குகிறது. அதனால்தான் சக்கரத்தின்மேல் ஒரு அம்புக்குறி வார்த்திருக்கிறார்கள். த்ரீ ஃபேஸ் ஒயர் மாறித் தலைகீழாகச் சுற்றினாலும் பம்பு காற்று அடிக்கும். ஆனால் விசிறி எதிர்ப்பக்கம் ஊதும், ஹெட் காயும். உள்ளே கனெக்டிங் ராடின் அடியிலுள்ள சிறு கரண்டி ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெயை அள்ளி மேலே தெளிக்கும். வால்வு என்பது மெல்லிய எஃகுத் தகடு. கேமும் இல்லை, ஸ்பிரிங் கோபுரமும் இல்லை, காற்றே திறந்து காற்றே மூடுகிறது.

இரண்டு சிலிண்டர்களில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் அது டூ ஸ்டேஜ். அதன் அழகு இரண்டுக்கும் நடுவே வளைந்து போகும் செதில் குழாயில் இருக்கிறது. 30 டிகிரி வெயில் காற்றை ஒரே மூச்சில் 7 பாருக்கு அழுத்தினால், கணக்குப்படி அதன் வெப்பம் 270 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் எண்ணெய் கரியாகி வால்வுத் தகட்டில் படியும். பாதி வழியில் நிறுத்தி, நடுக்குழாயில் ஆறவிட்டு, மீதியைச் சின்ன சிலிண்டரில் அழுத்தினால் ஒவ்வொரு கட்டத்திலும் 135 டிகிரியை ஒட்டியே நிற்கும். அழுத்தும் வேலையும் ஏறத்தாழ 15 விழுக்காடு குறையும். ஆறிய காற்று இடத்தைக் குறைவாக அடைக்கும் என்ற எளிய உண்மைக்கு ஒரு வளைந்த குழாயில் உருவம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த வார்ப்புக் கலைக்குத் தமிழ்நாட்டில் கோவைதான் தலைநகரம். எல்ஜி எக்யுப்மென்ட்ஸ் 1960இல் அங்கே தொடங்கியது. பஸ் சர்வீஸ் நடத்திய எல்.ஜி.பி. குடும்பத்தின் கிளை அது. வண்டி வைத்திருந்தவர்களுக்கு வண்டிப் பட்டறையின் தேவை தெரிந்திருந்தது. பஞ்சர் கடையிலும் சர்வீஸ் ஸ்டேஷனிலும் நிற்கும் பிஸ்டன் கம்ப்ரசர்களில் ஆரம்பித்து, சுருள் பற்களுள்ள இரண்டு ரோட்டார்களைத் தானே கடைந்து ஸ்க்ரூ கம்ப்ரசர் செய்யும் அளவுக்கு அந்நிறுவனம் வளர்ந்தது. 2019இல் தர மேலாண்மைக்கான ஜப்பானின் டெமிங் விருதையும் வாங்கியது. லாரி பிரேக் காற்றின் கதையோ சென்னையின் பாடியில் நடக்கிறது. இங்கிலாந்தின் கிளேட்டன் டேவான்டர் கூட்டோடு 1962இல் டி.வி.எஸ். குழுமம் தொடங்கிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல் அதே டெமிங் விருதைப் பெற்றது. இந்தியாவில் முதலில் பெற்றது அதுதான். பின்னாளில் வாப்கோ என்றும் இப்போது இசட்.எஃப். என்றும் பெயர் மாறியிருக்கும் நிறுவனம் அந்த வழி வந்தது.

சொந்தமாகக் கட்டத் துடிக்கிற கைகளுக்கு இந்தப் பாடி வம்சம்தான் முதல் ஆசை. புதுப்பேட்டைக் காயலாங்கடைகளில் லாரியிலிருந்து கழற்றிய கம்ப்ரசரும் பிரேக் டேங்கும் கிடைக்கும். 225 சி.சி. தலை ஒன்றை நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓட்டினால் 225 லிட்டர் இடப்பெயர்ச்சி. வீட்டுக்கு அது நல்ல அளவு. ஆனால் லாரியில் அதற்கு எண்ணெயை எஞ்சின் பம்பு அழுத்தத்தோடு அனுப்பிக்கொண்டிருந்தது. ஹெட்டைச் சுற்றி ரேடியேட்டர் தண்ணீரும் ஓடியது. கழற்றிக் கொண்டுவந்து ஆங்கிள் சட்டத்தில் பூட்டியவர் இந்த இரண்டையும் தானே ஏற்பாடு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் பேரிங் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். தெரிந்தவர்கள் தனி எண்ணெய்த் தொட்டியும் சின்ன பம்பும் வைக்கிறார்கள். அந்த வேலையில்தான் கட்டுகிறவரின் கைவண்ணம் தெரியும்.

இன்னொரு வழி பழைய ஃபிரிட்ஜின் கறுப்பு உருண்டை. சத்தமே இல்லாமல் ஓடும். இரவு பத்து மணிக்கும் பொம்மைக்கோ மாடல் காருக்கோ ஏர் பிரஷ் பிடிக்கலாம். ஃபிரிட்ஜில் திரும்பி வரும் குளிர் வாயுதான் அதன் மோட்டாரை ஆற்றியது. வெறும் காற்றில் ஓட்டும்போது அந்தச் சலுகை இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக எண்ணெயையும் வெளியே தள்ளும். விட்டு விட்டு ஓட்டி, எண்ணெய் பிரிப்பான் போட்டு, அளவு பார்த்து ஊற்றிக்கொண்டிருந்தால் உழைக்கும்.

இந்த வட்டாரத்தில் எந்த இயந்திரத்துக்கும் பொதுப் பகை ஈரம். ஐப்பசி மழையில் 30 டிகிரியில் 75 விழுக்காடு ஈரப்பதம் என்றால், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். அதை எட்டில் ஒரு பங்காக நெருக்கி ஆறவிட்டால் 4 கிராம்தான் ஆவியாகத் தங்க முடியும். மீதி 19 கிராமும் தண்ணீராகக் கொட்டும். ஐந்து கன அடிப் பம்பு ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு டம்ளர் அளவு. டேங்கின் அடி வால்வைத் திறந்தால் எண்ணெய் கலந்து பால்நிறத்தில் பீய்ச்சுவது அதுதான். அதைத் திறக்காமல் பெயின்ட் அடித்தால் பளபளக்க வேண்டிய பரப்பில் குழி குழியாக விழும். விஷயம் அறிந்தவர்கள் டேங்கிலிருந்து சில மீட்டர் இரும்புக் குழாயைச் சரிவாக ஓட்டிக் காற்றை ஆறவிட்டு, கிளைக் குழாயை மேல்பக்கத்திலிருந்து பிரித்து, அதற்குப் பிறகுதான் ஃபில்டர் வைக்கிறார்கள். சூடாக ஆவியாகப் போகும் ஈரத்தை ஃபில்டர் பிடிக்காது, துளியானால்தான் பிடிக்கும். பி.வி.சி. குழாய் மலிவு, ஆனால் உடைந்தால் கத்தித் துண்டுகளாகச் சிதறும். காற்றுக்கு அது ஆகாது.

அந்தத் தண்ணீர் டேங்கையும் உள்ளிருந்து தின்கிறது. 8 பாரில் நிறைந்த 200 லிட்டர் டேங்க் சட்டென்று கிழிந்தால் வெளிப்படும் ஆற்றல், ஒரு டன் காரை ஏழு மாடி உயரத்துக்குத் தூக்கப் போதுமானது. ஆலைகளுக்கு இதற்கென்றே 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் 31ஆம் பிரிவு எழுதப்பட்டது. வீட்டுக் கொட்டகைக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வரமாட்டார். ஆகவே பழைய டேங்கை நீரழுத்தச் சோதனைக்குக் கொடுப்பதும், சேஃப்டி வால்வின் வளையத்தை அவ்வப்போது இழுத்துப் பார்ப்பதும் சொந்தக்காரர் பொறுப்பு. தண்ணீரை நிரப்பிச் சோதிப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு: தண்ணீர் சுருங்காது, அதனால் டேங்க் கிழிந்தாலும் வெடிக்காமல் கசிந்து நின்றுவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கப் போகிறவர் டூல்ஸ் பெட்டி கொண்டுபோக வேண்டியதில்லை. போனிலுள்ள ஸ்டாப் வாட்ச் போதும். டேங்கை முழுக்கக் காலி செய்து, அடியில் வழிகிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, ஓடவிட வேண்டும். 160 லிட்டர் டேங்க் 8 பார் தொட 1,280 லிட்டர் காற்று உள்ளே போயாக வேண்டும். எட்டு நிமிடம் எடுத்தால் நிமிடத்துக்கு 160 லிட்டர், அதாவது ஐந்தரை கன அடி. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் இதுதான் அந்த இயந்திரம். பிரஷர் சுவிட்ச் கட்டாகும்போது 'ப்ஷ்' என்ற சிறு பெருமூச்சு கேட்க வேண்டும். அது ஹெட்டில் தங்கிய காற்றை வெளியேற்றி, அடுத்த ஸ்டார்ட்டில் மோட்டாருக்குச் சுமையைக் குறைப்பது. கேட்காவிட்டால் அந்த வேலையைச் செய்யும் அன்லோடர் வால்வு போய்விட்டது. சூட்டில் முள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். கால் மணி நேரம் ஆறியபின் எங்கே நிற்கிறது என்று பார்த்து, அதற்கு மேலும் முள் இறங்கிக்கொண்டே போனால் ஜாயின்ட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேட வேண்டும். இவ்வளவும் பார்த்து முடிப்பதற்குள் விற்பவர் எச்.பி. கதையை நிறுத்தியிருப்பார். விலைப் பேச்சை அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.