பைப்பெரிடின்: பிடித்தும் பிடிக்கக்கூடாத ஒரு வளையம்

புதிய மருந்து மூலக்கூறு வரைய உட்காரும் வேதியியலாளரின் கை பழக்கத்தால் பைப்பெரிடினைத்தான் போடும். ஐந்து கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்த வளையம் அது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரினிலும் உண்டு. அமெரிக்க ஒப்புதல் பெற்ற மருந்துகளை அலசி 2014இல் வெளியான ஆய்வு, நைட்ரஜன் வளையங்களில் இதற்கே முதலிடம் என்றது. நைட்ரஜனில் ஒரு கிளை, நேரெதிரே நான்காம் கார்பனில் இன்னொரு கிளை எனச் சுலபமாக ஒட்டலாம். உடலுக்குள் அந்த நைட்ரஜன் புரோட்டானை ஏற்று நேர்மின்னேற்றம் பெறுவதால் மூலக்கூறு நீரில் கரைகிறது, ஏற்பிகளையும் இறுகப் பற்றுகிறது.

இந்த வளையத்தின் முதல் பெரிய வெற்றியான பெத்திடின், வடிவமைப்பால் வந்ததே அல்ல. 1930களின் இறுதியில் ஜெர்மனியில் தசைப்பிடிப்புக்கு மருந்து தேடியபோது, ஊசி போட்ட எலியின் வால் விறைத்து நிமிர்ந்ததைக் கவனித்ததால்தான் அதன் வலிபோக்கும் குணம் தெரிந்தது. கணக்குப்போட்டு மாற்றியவர் பெல்ஜியத்தின் பால் ஜான்சென். கொழுப்பில் கரையும் தன்மையைக் கூட்டி 1960இல் அவர் ஆக்கிய ஃபென்டானில், மார்ஃபினைவிட ஏறக்குறைய 100 மடங்கு வீரியமுள்ளது. மனநோய்க்கான ஹாலோபெரிடால், வயிற்றுப்போக்குக்கான லோபெரமைடு இரண்டும் அவருடைய ஆய்வகத்தில், இதே வளையத்தில் பிறந்தவைதான். பலரும் இதைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கோ இது எச்சரிக்கையாகப் படுகிறது: இத்தனை ஏற்பிகளில் ஒட்டும் வளையம், வேண்டாத இடத்திலும் ஒட்டாமல் இருக்குமா?

ஒட்டியது. 1985இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, இதே வளையமுள்ள டெர்ஃபெனடின், தூக்கம் வராத ஒவ்வாமை மருந்து என்று பெயரெடுத்தது. கல்லீரல் அதை உடனே வேறொரு பொருளாக மாற்றிவிடும். கூடவே எரித்ரோமைசினோ கீட்டோகோனசோலோ சாப்பிட்டால் அந்த மாற்றம் தடைப்படும். தேங்கிய டெர்ஃபெனடின் இதயத்தின் ஹெர்க் என்னும் பொட்டாசியம் வாயிலை அடைத்து, துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். உயிர்கள் போயின, 1998இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து மருந்து விலகியது. விந்தை என்னவென்றால், கல்லீரல் உண்டாக்கிய அந்தப் பொருள்தான் இன்று நாம் வாங்கும் ஃபெக்சோஃபெனடின். வளையம் அப்படியே இருக்கிறது. மறுமுனையில் ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி ஏறியதும் ஹெர்க்கின் பிடி தளர்ந்துவிட்டது. வேதியியலாளர் கவனிக்கத் தவறியதைக் கல்லீரல் செய்து வைத்திருந்தது என்பேன்.

இத்தனைக்குப் பிறகும் 'புதிய பைப்பெரிடின் வழிப்பொருள்கள்' என்று வரும் கட்டுரைகள் பலவற்றில் கணினி டாக்கிங் மதிப்பெண்தான் ஆதாரம். குறிவைத்த புரதத்தில் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்பதையே அது ஊகிக்கிறது. பொருந்தக்கூடாத புரதங்களைப் பற்றி வாய் திறப்பதில்லை. தொகுப்பதற்கு முன் நூறு வரைவுகளைப் பத்தாகக் குறைக்க அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் நைட்ரஜனின் காரத்தன்மையை அருகில் ஃபுளோரின் வைத்துக் குறைத்தார்களா, ஹெர்க் தடுப்பைச் செல்களில் அளந்தார்களா என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லாத கட்டுரையை, மருந்து வடிவமைப்பு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.