இருண்மையும் மங்கலும்

மதிப்புரைக்கு வந்த ஒரு கவிதைத் தொகுப்பை ஜன்னலோரம் கொண்டுபோய்த்தான் படிக்க முடிந்தது. வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் எழுத்து. விசாரித்தபோது, அது மௌனத்தின் நிறம் என்று பதில் வந்தது. புதுக்கவிதை புரியவில்லை என்றவர்களோடு பல வருஷம் மல்லுக்கு நின்றோம். இருண்மை அனுபவத்தின் உள்ளிருந்து வருவது, அதற்கு நியாயம் உண்டு என்று வாதாடினோம். இப்போது இருண்மையை மையிலேயே கலந்துவிட்டார்கள். வாசகன் கவிதையோடு போராடட்டும். அச்சோடு எதற்குப் போராட வேண்டும்?

இது ரசனை விவகாரம் மட்டுமல்ல, அளக்கக்கூடியது. திரையில் படிப்பதற்கென்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008ல் வகுத்த விதிப்படி, எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளிர்வு விகிதம் குறைந்தது 4.5க்கு 1 இருக்க வேண்டும். பெரிய எழுத்துக்கு 3 போதும். வெள்ளைமேல் கறுப்பு 21. திரையின் சுத்தச் சிவப்பு வெள்ளைமேல் 4தான். மஞ்சள், வெள்ளைமேல் 1ஐச் சற்றே தாண்டும். கறுப்பின்மேல் 19ஐத் தாண்டும். சிவப்பின்மேல் பச்சை பளிச்சென்று படலாம். விகிதம் 3ஐக்கூட எட்டுவதில்லை. இவ்விரு நிறங்களைப் பிரித்தறியாத கண்களுக்கு அந்தப் பளிச்சும் இல்லை. ஆக, நிறம் வேறுபட்டால் போதாது, வெளிச்சம் வேறுபட வேண்டும். தாளுக்கும் இதே நியாயம்தான்.

தமிழுக்கு இதில் தனிச் சங்கடம் உண்டு. மங்கிய மையில் முதலில் காணாமல் போவது புள்ளி. 'பல்' என்பது 'பல' ஆகிவிடும். சுவடி எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளியே இடவில்லை என்பது வாஸ்தவம். ஆனால் ஓலையில் கீறிய கோட்டில் கரியைத் தடவித் துடைத்து, எழுத்தைக் கறுப்பாக எடுத்துக்காட்ட அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அழிவைப் பற்றிய கவிதையில் ஒரு சொல் மங்கலாம். அது கவிஞனின் தேர்வு. புத்தகம் முழுக்க மங்குவது வெறும் பாவனை. அதற்கு விலை கொடுப்பவன் வாசகன். வயதேற ஏற விழிவில்லை பழுப்பேறி உள்ளே போகும் ஒளி குறைகிறது, வெள்ளெழுத்து வேறு. நம் பத்திரிகைகளை விடாமல் படிப்பவர்கள் சொற்பம். அவர்களில் வயதானவர்களை மையின் நிறத்தைக் கொண்டே வெளியேற்றிவிட்டு, வாசகன் இல்லை என்று யாரிடம் புலம்புவது?

மௌனத்துக்கு வரிகளுக்கிடையே வெள்ளைத்தாள் ஏற்கெனவே இருக்கிறது. எழுத்தைக் கறுப்பாகவே விட்டுவிடலாம்.