சந்தனக்காடு: யாருடைய கண்ணால்?

வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டு மூன்றாண்டே கடந்த நிலையில், 2007இல் மக்கள் தொலைக்காட்சி ஒளிபரப்பிய தொடர் ‘சந்தனக்காடு’. இயக்கியவர் வ. கௌதமன், வீரப்பனாக நடித்தவர் கராத்தே ராஜா. திரிங்காப் போன்ற மலையூரில் வளரும் மாணவனுக்குக் காடும் மூடுபனியும் புதியன அல்ல. அத்தொடரின் மலைப்பாதைகளில் அவன் மனம் எளிதில் ஒன்றிவிடும். ஒன்றியபின் யாருடைய கண்ணால் பார்க்கிறான் என்பதே வினா.

தேடுதல் என்ற பெயரில் அதிரடிப்படை ஏழைக் குடிகளை வதைத்ததைத் துணிந்து காட்டியது இத்தொடரின் பெருஞ்சிறப்பு. அக்கொடுமை கற்பனையன்று, பாதிக்கப்பட்ட 89 பேருக்கு இழப்பீடு வழங்குமாறு தேசிய மனித உரிமை ஆணையமே 2007இல் பணித்தது. ஆயினும், அம்மக்களின் கண்ணீர் வீரப்பனின் வரவுக் கணக்கில் எழுதப்படுவது முறையாகுமா? ஒருவனைக் கதைத் தலைவனாக்கிய அளவிலேயே, அவனுக்கு எதிரே நிற்போர் அனைவரும் தீயோராகத் தோன்றத் தொடங்குகின்றனர். நாடகக் கலையின் இயல்பு அது; உண்மை மாந்தரைக் கையாளும்போது அதுவே இடராகிறது.

வனத்துறை அதிகாரி சீனிவாஸ், வீரப்பனின் ஊரான கோபிநத்தத்தில் மாரியம்மன் கோயில் எழும்பத் துணைநின்றவர். சரணடைவதாக வந்த சொல்லை நம்பி ஆயுதமின்றிச் சென்ற அவரை, 1991 நவம்பரில் வீரப்பன் கொன்றான். 1993 ஏப்ரலில் பாலாற்றருகே வெடித்த கண்ணிவெடியில் மாண்ட 22 பேருள் காவலர் அல்லாதோரும் இருந்தனர். கதை அந்தக் கோயில் வாயிலில் தொடங்கியிருக்குமாயின், வதைபட்ட குடிகளும் அவர்களை நேசித்து மடிந்த அதிகாரியும் ஒரே துலாக்கோலில் நின்றிருப்பர்.