காலண்டர்க் குழந்தையும் நன்கொடைக் குழந்தையும்

சிவகாசியின் சரக்கு வெடி மட்டுமல்ல, படமும்தான். 1922-இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பிய பிறகு பெட்டி வந்தது. பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளைத் தொடர்ந்து லித்தோ அச்சு காலண்டர்வரை வளர்ந்தது. கோவில்பட்டியில் கொண்டையராஜு (1898-1976) தீட்டிய தெய்வங்கள் இங்குள்ள அச்சில் ஏறித்தான் தமிழ்நாட்டுச் சுவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. தெய்வத்துக்கு அடுத்தபடி இந்த அச்சு சலிக்காமல் பெற்றுப்போட்டது குழந்தையை. கன்னம் சிவந்த, கையில் மடிப்பு விழுந்த, கம்பி மத்தாப்பைப் பிடித்துச் சிரிக்கும் குழந்தை. தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் சாயல் அதற்கு இருந்ததில்லை.

இப்போது கைபேசியில் இன்னொரு குழந்தை வருகிறது. மூக்கில் குழாய், நெற்றியில் பிளாஸ்திரி, பக்கத்தில் அழுகிற தாய், கீழே சேரவேண்டிய தொகை. மிலாப் (2010), கெட்டோ (2012) போன்ற இணைய நன்கொடைத் தளங்கள் வந்தபின் பழகிப்போன படம் இது. இதைக் காலண்டர்க் குழந்தைக்கு மறுப்பாக, யதார்த்தத்தின் வருகையாக எடுத்துக்கொள்வது மேம்போக்கு. இரண்டும் ஒரே உத்தியின் இரண்டு பிரதிகள். இரண்டிலும் குழந்தை அதன் இடத்திலிருந்து கத்தரித்து எடுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று வாங்கச் சொல்கிறது. மற்றது கொடுக்கச் சொல்கிறது.

பணம் வருகிறது, உயிர் பிழைக்கிறது, இங்கே அழகியல் எதற்கு என்று கேட்கலாம். அலட்சியப்படுத்த முடியாத கேள்வி. 2007-இல் ஸ்மால், லோவென்ஸ்டீன், ஸ்லோவிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், பசித்த லட்சங்களைப் பற்றிய புள்ளிவிவரத்தைவிடப் பெயரும் முகமும் உள்ள ஒரே ஒரு சிறுமிக்கு மக்கள் அதிகம் கொடுத்தார்கள். அவளோடு புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது கொடை குறைந்தது. சிரித்த முகத்தைவிடச் சோக முகமே அதிகம் ஈட்டித்தரும் என்பதை 2009-இல் ஸ்மாலும் வெரோக்கியும் காட்டினார்கள். ஆக, படத்தைத் தேர்ந்தெடுப்பவர்களிடம் இருப்பது வக்கிரம் அல்ல, கணக்கு. ஆனால் அந்தக் கணக்கு சொல்லும் இன்னொன்றும் கவனத்துக்குரியது: விவரம் சேரச்சேர இரக்கம் வற்றுகிறது. எனவே இரக்கத்தைக் கேட்கும் படம் விவரத்தை வெளியே நிறுத்தியாக வேண்டும். வெளியே நிற்கும் விவரங்களில் முதலாவது, காரணம்.

இது இணையம் கண்டுபிடித்தது அல்ல. 1876-78 தாதுவருஷப் பஞ்சத்தில் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி சென்னை மாகாணத்து எலும்புக்கூடுகளை வரிசையாக உட்காரவைத்துப் படமெடுத்தார். எடுத்து முடித்ததும் அவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பிவிட்டார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. குற்றச்சாட்டைவிடப் படமே முக்கியம். விலா எலும்பு அத்தனையும் தெரிகிறது. 1877-இல் நிவாரண வேலை செய்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று குறைத்த ரிச்சர்ட் டெம்பிளின் உத்தரவு தெரிவதில்லை. பசி ஏதோ வானத்திலிருந்து இறங்கியதுபோல் இருக்கிறது.

இப்படிப் பார்த்தால், பிறவிக் கோளாறுள்ள பச்சிளங்குழந்தை ஏன் நன்கொடைப் படத்தின் லட்சிய உருவம் என்பது விளங்கும். அதன் நோய்க்குக் குற்றவாளி கிடையாது. வெடிவிபத்தில் தோல் வழண்டு கிடக்கும் நாற்பது வயது ஆளுக்கு அந்த வசதி இல்லை. அவனைப் பார்த்தால் அருவருப்பு வரும். அதைவிட மோசமாகக் கேள்வி வரும். உரிமம் யாருடையது, அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், மருந்து எவ்வளவு இருந்தது, அந்தச் சரத்தை யார் வாங்கினார்கள்? கடைசிக் கேள்வி படத்தைப் பார்ப்பவனிடமே வந்து நிற்கிறது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளிகள் அல்ல. புகையைக் கண்டு காப்பாற்றவும் பார்க்கவும் ஓடிய ஊர்க்காரர்கள். இரக்கத்தின் அசல் உருவம் அந்த ஓட்டம். அதற்கு நன்கொடைப் படத்தின் சட்டத்தில் இடம் கிடையாது.

காட்டாமலே இருந்துவிட வேண்டும் என்பது என் வாதமல்ல. 1990-இல் சலம் பென்னூர்கர் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ இதே பிள்ளைகளைத்தான் காட்டியது. ஆனால் பிள்ளையோடு வேலையும் வேலையோடு ஊரும் அதில் வந்தன. 2023-இல் இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில், துன்புறுவோரை, குறிப்பாகக் குழந்தைகளை, கண்ணியம் குலையக் காட்டக்கூடாது, கொடுக்காதவனை வெட்கப்படச் செய்யக்கூடாது என்று நெறிகள் வகுத்தது. நல்லதுதான். ஆனால் ரத்தத்தை மங்கலாக்கிவிட்டால் விதி நிறைவேறிவிடும். கத்தரிப்பு அப்படியே இருக்கும்.

2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு சேர்ந்துவிட்ட திருத்தங்கல், சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையில் ஒரு குழந்தைக்குக் கொடை கிடைத்த ஊராக வருகிறது. பிழையின்றி வேதம் ஓதிய சிறுவனுக்குப் பராசரன் அணிகலன் கொடுக்கிறான். அது எப்படி வந்தது என்ற சந்தேகத்தில் சிறுவனின் தகப்பன் வார்த்திகன் சிறைக்குப் போகிறான். மனைவி கார்த்திகை அழுகிறாள். கொற்றவையின் கோயில் கதவு திறக்க மறுக்கிறது. அரசன் தவறை ஒப்புக்கொண்டு ஊரையே கொடுக்கிறான். கொடையோடு இளங்கோ நின்றுவிடவில்லை. அது போய்த் தாக்கிய இடமெல்லாம் கூடவே போகிறார். குழந்தை கதைக்குள்ளேயே இருக்கிறது. தனியே எடுத்து மாட்ட முடியாது.

நன்கொடைத் தளங்களைக் குறைசொல்லி நாம் கைகழுவிக்கொள்ளவும் முடியாது. தீப்பெட்டிச் சிறுமியைப் பாடிய புதுக்கவிதைகளில் எத்தனை பிஞ்சு விரல்கள், எத்தனை கருகிய மொட்டுகள்! அவளுக்கு என்ன கூலி, எத்தனை மணிக்கு வண்டி, யார் கொடுத்த முன்பணம் என்று எந்த மொட்டும் சொன்னதில்லை. படிமம் என்று நாம் கொண்டாடியவற்றில் பெரும்பகுதி இப்படிக் கத்தரித்த படங்கள்தான். தளத்தின் படமாவது ஒரு ஆஸ்பத்திரிக் கட்டணத்தைக் கட்டுகிறது. நம்முடையது எதைக் கட்டியது?