தேக்கமும் ஓட்டமும்: குமரப்பாவின் நூலை மீண்டும் வாசிக்கையில்

தஞ்சாவூரில் 1892இல் பிறந்த ஜே. சி. குமரப்பா ஜபல்பூர்ச் சிறையில் இரு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுவின் போதனையைப் பற்றியது. மற்றொன்று, 'நிலைத்த பொருளாதாரம்' எனப் பொருள்படும் தலைப்புடையது. முன்னதை நம் இறையியலார் பெயரளவிலேனும் அறிவர். பின்னதைத் தொடுவாரில்லை.

இந்நூலின் உயிர்நிலை ஒரு பாகுபாடு. நிலக்கரி, பெட்ரோலியம், தாதுக்கள் ஆகியவை அளவிட்ட தேக்கம். ஆற்றில் ஓடும் நீரும் காட்டில் வளரும் மரமும் ஓட்டம். தேக்கத்தை நம்பி எழும் பொருளாதாரம் போரையும் நாடும் என்பது அவர் வாதம்.

நாடு வேறு வழியைத் தெரிந்துகொண்டது. 1956இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம், மகாலனோபிஸின் கணக்கின்படி, கனரகத் தொழிலையே வளர்ச்சியின் வித்தாகக் கொண்டது. பிலாய், ரூர்கேலா, துர்காப்பூர் ஆலைகள் எழுந்தன. எஃகு எங்குச் சென்றாலும் ஒரே விலைக்குக் கிடைக்குமாறு சரக்குக் கட்டணம் சமன்செய்யப்பட்டது. 1990களின் தொடக்கம்வரை அம்முறை நீடித்தது. விளைவு யாது? தாதுவும் கரியும் நிறைந்த தென்பீகார், அதாவது இன்றைய ஜார்க்கண்டு, தன் அருகாமையின் ஆதாயத்தை இழந்தது. குழி அங்கே, தொழிற்பெருக்கம் தொலைவிலே. மொத்த உள்நாட்டு உற்பத்தியின் கணக்கோ வெட்டியெடுத்த கரியை வரவில் எழுதிற்று; குறைந்த இருப்பைக் கழிக்கவில்லை. முதலை விற்று உண்பதை வருமானமென்று எந்தக் கடைக் கணக்கப்பிள்ளையும் எழுதத் துணியார்.

ஆயினும் நூலாசிரியரோடு நாம் மாறுபடுமிடமும் உண்டு. குரங்கு, தேனீ, தாய்ப்பறவை என்று அவர் அமைக்கும் படிவரிசை பிரசங்கத்துக்கு உதவும். திட்டக்காரரை மறுக்க உதவாது. கிணற்று வாளிக்கும் இரும்பு வேண்டுமே! எவ்வளவு இரும்பு, யாருக்கு என்ற கேள்விக்கு அவர் அளவுகோல் தரவில்லை. மேலும், தேக்கம் எது, ஓட்டம் எது என்பது பொருளின் இயல்பால் மட்டும் அமைவதன்று. எடுக்கும் வேகத்தாலும் அமைவது. வளர்ந்த அளவே எடுக்கவேண்டுமென்று அவரே நிபந்தனை வைக்கிறார். ஆனால் அதனைத் தொடர்ந்து ஆராயவில்லை. நெய்வேலியைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ஓயாது இறைத்தாலன்றி அங்கே சுரங்கம் நடவாது. உழவனுக்கு ஊற்றாகிய நீர் சுரங்கத்துக்கு இடையூறு. நீரின் இயல்பு மாறவில்லை. எதை வளர்ச்சியென எண்ணினோமோ அதுவே நீரின் பெயரை மாற்றிற்று.

உக்கிராணத்துவ ஞாயிறன்று நாம் காணிக்கையைப் பற்றியே பேசிவருகிறோம். லூக்கா 16இல் எஜமான் கேட்பதோ உக்கிராணத்தின் கணக்கு. நம் கல்லூரியின் ஒழுக்கவியல் வகுப்பில் இந்நூலையும் இரண்டாம் திட்ட அறிக்கையையும் அருகருகே வைத்து வாசிக்கலாம். ஒரு பருவம் போதாது.