ஆங்கிலப் புத்தாண்டும் தணிகை வேலனும்

ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் மலையேறுவதைப் பார்த்தவர்கள், திருத்தணியை முழுசாகப் பார்த்துவிட்டோம் என்றுதான் நினைப்பார்கள். அந்த அழகு அப்படி! ஆனால் வருகிறவர்களுக்கு ஊரைச் சுற்றிக்காட்டும் என்னைக் கேட்டால், டிசம்பர் 31 அன்று வாருங்கள் என்பேன். வருஷத்துக்கு 365 நாள், எங்கள் மலைக்கு 365 படி. அன்றைக்கு ஒவ்வொரு படியையும் கழுவி, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, அருணகிரிநாதரின் திருப்புகழில் ஒரு பாட்டைப் பாடிவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார்கள். சென்னையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் வந்த பஜனை கோஷ்டிகள் ஜால்ராவும் மிருதங்கமுமாக மலையையே அதிர வைக்கும். ஒரு கோஷ்டி முடிக்கும் இடத்தில் இன்னொன்று எடுக்கும். நள்ளிரவில் கோயில் வாசலில் எழுகிற அரோகராவைக் கேட்டால் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போகும்.

ஆங்கிலப் புத்தாண்டுக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதவர் இல்லை. அந்தக் கேள்வி வந்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். வெள்ளைக்காரர் ஆட்சியில் ஜனவரி முதல் தேதியன்று மாலையும் எலுமிச்சம்பழமுமாகத் துரைமார் பங்களாவில் போய் நிற்க வேண்டும். உத்தியோகத்தில் இருப்பவர், இருக்க ஆசைப்படுபவர் எல்லோருக்கும் அது கட்டாயச் சடங்கு மாதிரி. வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் இதைப் பார்த்தார். துரைகளுக்கெல்லாம் துரை தணிகை மலையில் இருக்கிறான், முதல் வணக்கத்தை அவனுக்குச் சொல்லிவிட்டு அப்புறம் யாரை வேண்டுமானாலும் பாருங்கள் என்றார். 1917ஆம் ஆண்டுக் கடைசி நாளில் அன்பர்களைக் கூட்டிக்கொண்டு பாடியபடியே படியேறினார். அதுதான் திருப்படித் திருவிழா. கொடி பிடிக்கவில்லை, கோஷம் போடவில்லை. ஆள்பவனுடைய நாளையே எடுத்து ஆண்டவனுக்குக் கொடுத்துவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. துரையும் இல்லை, பங்களா வாசலில் காத்திருப்பும் இல்லை. படிப்பாட்டு மட்டும் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் சுவாமிகள் பெரிய படிப்புப் படித்தவர் அல்லர். மைசூர் அரண்மனையில் சமையல் வேலை பார்த்தவர். திருப்புகழைக் கேட்டு, அதில் கரைந்து, அதற்காகவே வாழ்ந்தவர்.

சரி, படிக்கு ஒரு பாட்டு என்றால் அத்தனை பாட்டுக்கு எங்கே போவது? இங்கேதான் ஓர் ஆங்கிலக் கோர்ட்டு வருகிறது. நான் சொல்வதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1871இல் சிதம்பரம் தீட்சிதர்கள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், தங்கள் பழம்பெருமைக்குச் சான்றாக அவர்கள் ஒரு திருப்புகழ்ப் பாட்டை நீதிமன்றத்தில் காட்டினார்கள். அந்தப் பாட்டு, நீதிமன்றத்தில் வேலை பார்த்த வ. த. சுப்பிரமணிய பிள்ளையின் நெஞ்சில் போய்த் தைத்தது. இப்படி ஒரு சந்தத்தில் பாடியவர் இன்னும் எத்தனை பாடியிருப்பார் என்று தேடக் கிளம்பிவிட்டார்! பின்னாளில் மாவட்ட முன்சீப் ஆனார். வேலை பார்த்த ஊரெல்லாம் ஓலைச்சுவடி கேட்டு அலைந்தார். பகலில் இங்கிலீஷ் சட்டம், மற்ற நேரமெல்லாம் அருணகிரிநாதர். 1890களில் திருப்புகழை அச்சில் கொண்டுவரத் தொடங்கினார். அவருக்குப் பிறகு மகன் வ. சு. செங்கல்வராய பிள்ளை அந்தப் பணியைத் தூக்கிச் சுமந்தார். இன்றைக்குக் கிடைத்திருக்கும் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பாடல்களில் பெரும்பகுதிக்கு அந்தக் குடும்பத்துக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வழக்கில் யார் ஜெயித்தார்கள் என்பதா முக்கியம்? கட்டுக்கட்டாகக் காகிதம் குவிந்த ஒரு கச்சேரியில் ஒற்றைப் பாட்டு ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டதே, அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

சங்கீதம் தெரிந்தவர்கள் கூட வந்துவிட்டால் இன்னும் கொண்டாட்டம். முத்துசுவாமி தீட்சிதரின் முதல் கீர்த்தனை, மாயாமாளவகௌளையில் அமைந்த 'ஸ்ரீநாதாதி குருகுஹோ', இந்த மலையில் பிறந்தது. முதியவர் ஒருவர் வாயில் கற்கண்டைப் போட்டு மறைந்தார், பாட்டு பீறிட்டது என்பார்கள். அதே தீட்சிதர்தான் சென்னைக் கோட்டையில் இங்கிலீஷ் பேண்டு வாசித்ததைக் கேட்டு அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தவர். இங்கிலாந்து ராஜாவை வாழ்த்துகிற மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' என்று அம்பாளைப் பாடிவிட்டார். வள்ளிமலை சுவாமிகள் துரையின் நாளை எடுத்துக்கொண்டார் என்றால், அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே தீட்சிதர் ராஜாவின் பாட்டையே எடுத்துக்கொண்டார். இரண்டு பேருமே தணிகை வேலனின் ஆட்கள். இதைவிட வேறு என்ன பெருமை வேண்டும் எங்கள் ஊருக்கு!

வெள்ளைக்காரர் காலத்துக் கதை என்றால் ரயிலையும் சொல்ல வேண்டும். 1856இல் ராயபுரத்திலிருந்து ஓடத் தொடங்கிய சென்னை ரயில்வேயிலிருந்து, அரக்கோணத்தில் வடமேற்கே ஒரு கிளை பிரிந்து எங்கள் ஊர் வழியாகப் போனது. 1871இல் ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்தது. 1888இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1936இல் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக அமர்ந்து இங்கிலீஷ்காரர்களுக்கே கீழைச் சமயங்களைப் பாடம் சொன்னார். 1911இல் வெள்ளையர் பிரித்த சித்தூர் மாவட்டத்தோடு திருத்தணி பின்னாளில் ஆந்திரத்துக்குப் போனதையும், ம. பொ. சி.யும் மங்கலங்கிழாரும் போராடி 1960 ஏப்ரல் 1 அன்று அதைத் தமிழ்நாட்டுக்கு மீட்டதையும் சொல்லாமல் யாரையும் நான் அனுப்புவதில்லை. ஆனாலும் எங்கள் கடைத்தெருவில் தெலுங்கு கேட்காத நாளே கிடையாது. அதுவும் இந்த ஊரின் அழகுதான்.

மலையிலிருந்து இறங்கியதும் நேரே பேருந்து நிலையத்துக்கு ஓடிவிடாதீர்கள். நந்தியாற்றுப் பக்கம் வீரட்டானேசுவரர் கோயில் இருக்கிறது. பல்லவ அபராஜிதன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், நம்பி அப்பி என்பவர் கட்டிய கற்றளி. யானையின் பின்புறம்போல் வளைந்த கருவறை. சுவரில் ஒரு தமிழ் வெண்பா வெட்டியிருக்கிறார்கள். அதை இயற்றியவர் அபராஜிதனேதான்! ஓர் அரசன் தன் கையால் எழுதிய பாட்டு வெயிலிலும் மழையிலும் ஆயிரம் வருஷத்துக்கு மேல் நிற்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கல்வெட்டுத் துறையினர் படியெடுத்ததால் அது புத்தகத்திலும் ஏறிவிட்டது. மலைக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூட இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. நீங்கள் வாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது வந்தால் எழுத்து நன்றாகத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க நான் உதவுகிறேன்.